பாதி விலை ரசீது

நவம்பர் 15, 2007
வியாழன், மத்தியானம்

அன்பு மகன் கார்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை, ஆனால் அப்பா மட்டும்தான் சுகம். இடுப்பு ஆபரேஷன் நன்றாகவே ஆறிவிட்டது, ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு யாராவது பார்க்க வந்தால் மட்டும் எடுத்துக்கொள்கிறார். எனக்குத்தான் இரண்டு வாரமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாவு பிசையப் போய்ப் பாதியில் கையோடு ஜன்னலுக்கு வந்து நிற்கிறேன், சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு அப்பாவிடம் பாட்டு வாங்குகிறேன். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா, அந்த எண்ணெய் வயல் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலை செய்கிறாயா என்றெல்லாம் கேட்க இருக்கிறது, பிறகு கேட்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் 'அட விடும்மா' என்று சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படி.

உன் கார் விஷயம்தான். நம் கனடா டாலரும் அமெரிக்க டாலரும் சரிக்குச் சரி ஆனதிலிருந்து ஊர் முழுக்க எல்லைக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கிறது, டயர் வாங்கவும் கார் வாங்கவும். நீ கம்ப்யூட்டரில் பார்த்து வைத்த அந்த வெள்ளிநிற கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்காக ஏப் சித்தப்பா இரண்டு வாரம் முன்பு என்னை அந்தப் பக்கம் கிராண்ட் ஃபோர்க்ஸ் வரை கூட்டிப்போய் விட்டார். வழியெல்லாம் ஒரே கிண்டல், 'ஸ்கூல் பஸ் ஓட்டின கைக்கு இது பொம்மை அண்ணி, பின்னாடி அறுபது பிள்ளைங்க கத்தலையேன்னு ஏங்கிப் போயிராதீங்க' என்று. விற்ற கிழவர் டுவேன் நல்ல மனிதர், வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி நின்றார். அமெரிக்கச் சுங்கத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே காகிதம் அனுப்ப வேண்டும் என்றார்கள், அனுப்பியிருந்தேன். வண்டியில் கம்பெனி சரிசெய்ய வேண்டியது எதுவும் பாக்கியில்லை என்று கடிதம் வேண்டும் என்றார்கள், அதையும் வாங்கியிருந்தேன். எல்லாம் ஒழுங்கு, ரசீது ஒன்றைத் தவிர. நீதான் சொல்லியிருந்தாயே, 'பாதி விலை போட்டு எழுதித் தரச் சொல்லும்மா, வரி மிச்சம், எல்லாரும் அப்பிடித்தான் பண்றாங்க' என்று. டுவேன் மறுபேச்சில்லாமல் எழுதினார், உண்மை விலைக்கு இன்னொன்றும் எழுதி, இன்சூரன்ஸுக்கு ஆகும் என்று தனி உறையில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது நம் பக்கத்துச் சுங்கச் சாவடியில் அன்றைக்கு லோர்னா வேலையில் இருந்தாள். ஒன்பது வருஷம் என் பஸ்ஸில் வந்த பெண், முன் இருக்கையில் உட்கார்ந்து வாரம் ஒரு தடவையாவது வாந்தி எடுப்பாள், நான்தான் வாயைத் துடைத்துவிட்டிருக்கிறேன். 'வண்டி என்ன விலை ஆன்ட்டி?' என்று கேட்டாள். ரசீதை மட்டும் நீட்டியிருந்தால்கூட என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும், ஆனால் நான் பாதி விலையை வாயாலேயே சொன்னேன். நம் மெனோனைட் சபை ஜனம் கோர்ட்டுக்குப் போனால்கூட சத்தியம் செய்கிறதில்லை, எங்கள் வாய்ச்சொல்லே போதும் என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம், சர்க்காரும் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வாய். சந்தேகம் இருந்தால் சந்தை விலையைத் தேடிப் பார்க்க வேண்டியது அவள் வேலை. பார்க்கவில்லை. 'நீங்க சொன்னா சரி' என்று முத்திரையைக் குத்தி, விரட்டி ஓட்டாதீங்க என்று சிரித்து அனுப்பினாள்.

அதோடு போயிருக்கும். எல்லாரும் செய்வதுதானே என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வாசலில் நிற்கும்போது லோர்னா வந்து என் தோளைத் தொட்டாள். 'ஆன்ட்டி, அந்த விலைக்கு அந்த வண்டின்னு வீட்ல சொன்னேன், எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கமே போயிருச்சு. அந்த டுவேன் நம்பரைக் கொடுங்களேன், இன்னும் ரெண்டு மூணு வெச்சிருக்காரான்னு கேட்டுப் பாக்கறோம்' என்றாள். கார்னி, அவள் கண்டும் காணாமல் விட்டிருப்பாள் என்றுதான் நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நம்பியிருக்கிறாள். தேடித் தருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். 'வாயை மூடிட்டு சும்மா இரு அகனேதா. போய்ச் சொன்னா வண்டியைப் பிடிச்சு வெச்சுக்குவாங்க. ரெண்டு வருஷம் ராத்திரி பகலா அவன் ஒழைச்ச காசு. அப்புறம் அவன் மூஞ்சியில எப்பிடி முழிப்பே?' என்று கத்தினார். நியாயம்தான். திங்கட்கிழமை முழுக்க ஷெட்டுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். உன் வண்டியைப் பார்த்தால் உன் முகம், ஜன்னலுக்கு வந்தால் அவள் முகம். நம்பர் கேட்டு அவளோ புருஷனோ எப்போது போன் பண்ணுவார்களோ என்று மணி அடிக்கும்போதெல்லாம் அப்பாவை எடுக்கச் சொன்னேன். நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால் முத்திரையில் இருப்பது அவள் பெயர் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் உண்மை ரசீதை எடுத்துக்கொண்டு உன் காரிலேயே போனேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன். லோர்னா கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே கையாட்டிச் சிரித்தாள், நம்பர் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் ரசீதை வைத்தேன். அதைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள். உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டிவந்தாள். பிறகு ஒரு படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், 'உங்க முழுப் பேர் சொல்லுங்க' என்றாள். ஆன்ட்டி என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னேன். ஊர் கேட்டாள், வயது கேட்டாள், எல்லாம் தெரிந்த பெண். எல்லாவற்றையும் சொன்னேன்.

வண்டி இப்போது சாவடிக்குப் பின்னால் வேலிக்குள் நிற்கிறது. நானாக வந்து சொன்னதால் பறிமுதல் இல்லையாம், மீதி வரியும் அபராதமும் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அபராதத்தை நான் கட்டுகிறேன், பேசாதே. ஏன் சரிபார்க்கவில்லை என்று லோர்னாவிடமும் எழுதி வாங்கினார்கள். அவள் பேனாவைப் பிடித்த விதத்தைப் பார்த்தபோது நான் நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்றே தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அதனால்தான் உப்பு இரண்டு தடவை விழுகிறது.

வண்டி உன் பெயரில் இருப்பதால் நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒரு நாள் முன்னதாகவே வா, பஸ் நிலையத்துக்கு அப்பாவை அனுப்புகிறேன், உருட்டி வைத்த ஸாஸேஜ் உனக்காக ஃப்ரீசரில் இருக்கிறது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இத்துடன் அனுப்புகிறேன், அடுக்கி வைக்காமல் போட்டுக்கொள். கடவுள் உன்னைப் போகும்போதும் வரும்போதும் காப்பாராக.

ஒன்று மறக்காதே. பாதி விலை ரசீது யாருடைய யோசனை என்று அந்த அதிகாரி கேட்டார். என்னுடையது என்று சொன்னேன், லோர்னா அதையும் எழுதிக்கொண்டாள். அதை நான் போய்த் திருத்தப் போவதில்லை. நீ வந்து கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு அவள்தான் வேலையில் இருப்பாள்.

உன் அம்மா,
அகனேதா