ஐந்து பேரை மூன்றாக எண்ணிய வகுப்பு

அன்பு மகள் சிவானுஜாவுக்கு (இது அப்பா), அன்பு அக்காவுக்கு (இது நான்),

என் மூக்கைத் தவிர டுசல்டோர்ஃபில் எல்லோரும் நலம். லைப்சிக்கில் நீங்கள் மூக்கோடு சேர்த்து நலமாயிருக்க வேண்டுமென்று அப்பா சொல்லச் சொல்ல, மதிசுதன் எழுதுகிறேன். முதலில் துயர அறிவித்தல். எங்கள் வீட்டுச் சோற்றுக் குக்கர் செவ்வாயன்று சிவபதமடைந்தது. அம்மா இரண்டு நாள் சோற்றுக்குப் பதில் பாண் தந்து துக்கம் காத்தார். உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். அடுத்தது மூக்கு. நான் மூக்குடைபட்டதாக யாரும் சொன்னால் இம்முறை எழுத்துக்கு எழுத்து நம்பலாம். அமெரிக்கா விடுதலை பெற்று அரசியலமைப்பை எழுதியபோது அடிமைகளுக்கு வாக்குக் கொடுக்காமல், பாராளுமன்ற ஆசனம் பிரிக்க மட்டும் ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாக எண்ணினார்களாம், அதை வரலாற்று ஆசிரியை புதனன்று எங்களை வைத்து நடிக்கச் செய்தார். சீட்டுக் குலுக்கியதில் நான் தோட்ட முதலாளி, என் கூட்டாளி தபோதரன் அடிமை. அடிமைகள் ஐந்து பேரும் சுவரோடு நிற்க வேண்டும், வாய் திறக்கக்கூடாது. அவர்களைக் காட்டி மூன்று வாக்கு மேலதிகமாக வாங்கினேன். அடிமை முறையை ஒழிக்க வேண்டுமென்று வந்த தீர்மானத்தையும் அவர்களுடைய தலைகளைக் காட்டியே தோற்கடித்தேன். ஆசிரியை வெளியே போன நேரம் தபோதரன் காரணமே இல்லாமல் பாய்ந்து என் முகத்தில் குத்தினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது, வாய் நிறைய இரத்தம். நான் விட்டேனா? கதிரையைத் தூக்கி அவன் முதுகில் போட்டேன், அவன் என் தலையை மேசை விளிம்பில் மோத நான் அவன் காதைக் கடித்துத் தொங்கினேன், நான்கு பேர் இழுத்தும் என்னைப் பிரிக்க முடியவில்லை.

நேற்றுப் பாடசாலையில் அதற்கு டெர்மின், பெற்றோரை அழைத்து விசாரணை. நீங்கள் போன பிறகு வீட்டின் வெளிவிவகார அமைச்சர் நான்தானே, அப்பாவுக்கு நானே மொழிபெயர்த்தேன். தபோதரனின் அம்மா சுலோஜனா அன்ரிக்கும் ஜேர்மன் ஓடாது, அவருக்கும் நானே. 'என்ர பெடியன் ரண்டு வீட்டுக்கும் கதைச்சவன்' என்று அப்பா போனில் எல்லோருக்கும் சொல்கிறார். தபோதரனைப் பாடசாலையை விட்டே நீக்குவதா என்று வருகிற வியாழக்கிழமை முடிவெடுப்பார்களாம், நீக்கினால் ஆவணியில் கிடைக்கவிருந்த மின்வேலை அவுஸ்பில்டுங், அந்தத் தொழிற்பயிற்சி இடமும் போய்விடும். 'பாவம் பெடியன், ஆனா கைநீட்டினா நாங்கள் என்ன செய்யேலும்' என்கிறார் அப்பா. பரீட்சைக்காகப் பட்டினி கிடக்க வேண்டாமாம், மழைச் சப்பாத்தை மறக்க வேண்டாமாம், ஞாயிறு அம்மாவுக்குப் போன் எடுக்க வேண்டுமாம். முருகன் துணையிருக்க, நீண்ட ஆயுளோடும் நிறைந்த படிப்போடும் இரு மகள்.

இப்படிக்கு,
அன்பு அப்பா
ஸ்ரீதரன்

அக்கா, அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கதிரை, காது எல்லாம் பொய். ஒரே ஒரு குத்து, நான் விழுந்து அம்மா என்று கத்தினேன், அவ்வளவுதான். அதற்கு முன், ஆசிரியை வெளியே போனதுமே, நான் ஸ்கிப்பிங் கயிற்றைத் தபோதரனின் மணிக்கட்டில் கட்டி, 'வாடா என்ர அஞ்சில மூண்டு' என்று இழுத்தேன். 'விடடா, நோகுது' என்றான். அடிமை கதைக்கக்கூடாது என்று இன்னும் இறுக்கினேன். முழந்தாளில் விழுந்தவனைக் கரும்பலகை வரை இழுத்தேன், தோல் உரிந்தது, வகுப்பே சிரித்தது. பிறகுதான் குத்தினான். நேற்று அன்ரி, 'என்ர பிள்ளையைக் கட்டி இழுத்தவை, கையைப் பாருங்கோ எண்டு சொல்லு தம்பி' என்றார். ஆனால் அவன் வீட்டிலும் இப்படித்தான் அடிப்பான், எந்தத் தண்டனையும் சம்மதம் என்று அன்ரி சொல்வதாக நான் ஜேர்மன் மொழியில் சொன்னேன். கதவுக்கு வெளியே இருத்தி வைத்திருந்த தபோதரனுக்கு அது கேட்கவில்லை. அதிபர் அப்படியே பதிந்துகொண்டார். போனில் சொல்லத் துணிவில்லாமல் எழுதுகிறேன். வியாழக்கிழமைக்கு முன் வந்து அன்ரி சொன்னதை அன்ரி சொன்னபடியே சொல்லுங்கோ, கயிறு என்னுடைய வேலை என்று நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன். நேற்று வெளியே வந்ததும் அன்ரி என் தலையைத் தடவி, 'எங்களுக்காகவும் கதைச்சாய், நல்லாயிருப்பாய் தம்பி' என்றார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க ஏலாமல் போய்விட்டது. வாங்கோ அக்கா.