ஆறாம் தொட்டியைக் குளிர வை

சங்குமுனைக் கடல் மேடை – பணிப் பதிவு

செவ்வாய், காலை 6:30

தொட்டி வெப்பம் நாற்பது டிகிரி. ஜெனரேட்டர் சரி. பம்பு சரி. போன வாரம் போட்ட பழைய வலை பாதி கரைந்துவிட்டது.

இந்தப் பதிவை அனுமதிக் குழுவும் பார்க்கும் என்பதால் விதிப்படி ஒருமுறை எழுதிவிடுகிறேன். மேடையில் இருப்பது நான் ஒருத்திதான். ரெஜினா பர்னாந்து, நுண்ணுயிர் ஆய்வாளர். கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். கடலடியில் அறுந்து கிடந்து ஆமையையும் மீனையும் கொல்லும் வலைகளை எடுத்து, நாங்கள் மரபணு மாற்றிய பாக்டீரியாவுக்குத் தின்னக் கொடுப்பது என் வேலை. அதற்கு இரண்டு வாய் வைத்திருக்கிறோம். ஒன்று நைலானுக்கு, ஒன்று பாலியெஸ்டருக்கு. வெந்நீரில்தான் உயிரோடு இருக்கும். முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் உடம்புக்குள்ளேயே நஞ்சு சுரந்து செத்துவிடும். கடல் இருபத்தெட்டு டிகிரி. தப்பி விழுந்தாலும் பிழைக்காது. அனுமதி கிடைத்ததே இந்த ஒரு பூட்டை நம்பித்தான். இரண்டு பூட்டு வேண்டும் என்று அடம்பிடித்த உறுப்பினர் ஒருவர் இருந்தார். அடுத்த கூட்டத்தில் அவருடைய நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இடது முன்கையில் தகரம் கிழித்த காயம் ஆறிவருகிறது. ஊர் நர்ஸ் படகேறி வந்து போட்ட தையல், நல்ல அழுத்தமான தையல். சனிக்கிழமை மாலை அண்ணன் வந்து கரைக்கு அழைத்துப் போவான், தையல் பிரிக்க.

புதன், காலை 7:05

எல்லாம் சரி. ஒரே ஒரு கூத்து. நேற்று அந்தியில் மேடை விளக்கு ஃபியூஸ் போய்ச் சிறிது நேரம் எரியவில்லை. நான் ஸ்டூலில் ஏறி மாற்றிக்கொண்டிருந்தபோதே நாலு படகு வந்து பாறைக்கு வெளியே நின்றுவிட்டது. அண்ணன் இன்னாசி ரேடியோவில் பிடித்துக்கொண்டான்.

"ஏ ரெஜி, கடல்ல வெளக்கு காணலன்னா நாங்க என்னன்னு நெனைக்க? நம்ம ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தந்தான், ஆபத்து, ஓடி வா. படிச்சிட்டா மறந்துருமோ?"

ஃபியூஸ்தான் என்று நாலு படகுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. போகும்போது, படகு மேடையில் உரசாமல், ஒரு தூக்கு நிறைய மீன்குழம்பைக் கழியில் நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆய்வு மேடைக்கு வெளி உணவு கொண்டுவரக் கூடாது என்பது விதி. குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் குழு அறியட்டும்.

வியாழன், காலை 6:50

மேடைக் காலில் கட்டி வாளி இறக்கும் கயிறு வழவழப்பாக இருக்கிறது. பாசி என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நூல் பசை மாதிரி நகத்தோடு வந்தது.

அது நைலான் கயிறு. கடல் தண்ணீரில் கிடக்கும் கயிறு. தொட்டியைத் தொட்டதே இல்லை.

வியாழன், பிற்பகல் 3:20

மூன்று முறை பார்த்தேன். கயிற்றுப் பசையில் எங்கள் பாக்டீரியா. அடையாள மரபணுவும் எங்களுடையது. இருபத்தெட்டு டிகிரியில் உயிரோடு இருக்கிறது. பெருகுகிறது. பூட்டு வேலை செய்யவில்லை.

தட்டச்சில் பிழை இருந்தால் பொறுக்கவும்.

வியாழன், மாலை 5:10

இங்கே வளர்க்க அனுப்பிய விதைக் கிருமி அங்கே எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று கரையிலுள்ள ஆய்வகத்தைக் கேட்டேன். மெர்லின் பேசினாள். விதை வளர்த்து அனுப்புவது அவள் பொறுப்பு.

"ஆறாம் தொட்டிலேர்ந்து தான்க்கா."

ஆறாம் தொட்டியில் பூட்டு பலவீனம், அழிக்க வேண்டும் என்று முடிவாகியிருந்ததே என்றேன்.

"அழிக்கவா? மேடம் குளிர வைக்கத்தானேக்கா சொன்னாங்க. 'ஆறாம் தொட்டியக் குளிர வெச்சிடும்மா'ன்னாங்க. நான் அன்னைக்கே குளிர் அறையில வெச்சிட்டேன். ரெண்டு மாசம் அங்கதான் இருந்துச்சு. எடுத்து நாப்பது டிகிரில விட்டதும் ஜம்முன்னு வளந்துச்சு."

ரேடியோவை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் இயக்குநர் வைதேகி ராகோத்தமன் 'கொல்' என்று சொல்ல மாட்டார். 'அணை' என்றும் சொல்ல மாட்டார். சாமி விளக்கைக் குளிர வை என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவர். இருபது வருடமாக அவர் ஆய்வகத்தில் குளிர வைப்பது என்றால் பிளீச்சிங் ஊற்றி, அவித்து, சாக்கடைக்குக்கூடப் போகாமல் அழிப்பது. எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது. மெர்லின் விடுதியில் வளர்ந்த பெண். அவளுக்குத் தெரிந்த விளக்கெல்லாம் சுவிட்ச் போட்டவை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள், அவள் மேல் என்ன தப்பு?

உலகத்தில் அதற்குச் செய்யக் கூடாத ஒரே காரியம் குளிர வைப்பதுதான். குளிரில் பூட்டு உள்ளவை அத்தனையும் செத்திருக்கும். பூட்டு உடைந்தவை மட்டும் மிஞ்சியிருக்கும். பொறுக்கி எடுத்த மாதிரி. அந்தப் பொறுக்கு விதையைத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வெள்ளி, காலை 9:40

இயக்குநரிடம் சொன்னேன். இரும்புக் கப்பல் ஒன்றை பிளீச்சிங்கோடு அனுப்பச் சொன்னேன். பிளாஸ்டிக் எதுவும் மேடையை நெருங்கக் கூடாது, இங்கிருந்து போகவும் கூடாது. திறந்த கடலில் இதற்குத் தீனி இல்லை, பட்டினியில் செத்துவிடும். ஒரு ஃபைபர் படகு வந்து உரசினால் போதும். அடிப்பலகை முழுக்க பாலியெஸ்டர். சாப்பாடும் வண்டியும் ஒன்றாகக் கிடைத்துவிடும்.

"ரெஜினா, நீங்க சொல்றது புரியறது. ஆனா திங்கக்கிழம அனுமதி புதுப்பிக்கிற கூட்டம். இப்ப கப்பல்னு கேட்டா யார் யாரெல்லாம் வருவான்னு உங்களுக்கே தெரியும். கூட்டம் முடியட்டும், நானே நேர்ல வரேன். அதுவரைக்கும் எதையும் எழுத்துல வெக்க வேண்டாம்."

எழுத்தில் வைக்கிறேன்.

இதையும் எழுதுகிறேன். இந்த மேடை வருவதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டோம். எங்கள் வலையைத் தின்றுவிடாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். குப்பை வலையை மட்டும்தான் தின்னும் என்று படம் போட்டுக் காட்டினோம். யாரும் நம்பவில்லை. அண்ணன் எழுந்து, "எந் தங்கச்சி சொல்லுதா, தப்பா இருக்காது" என்றான். ஊரே கையெழுத்துப் போட்டது. குப்பை வலை எது, பிழைப்பு வலை எது என்று அந்தக் கிருமிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

வெள்ளி, மாலை 4:00

விசைப்பலகை பிசுபிசுக்கிறது. முன்பு எழுதியதையெல்லாம் தாளில் பெயர்த்துவிட்டேன், இனி பென்சில்தான்.

தரையில் மிதியடி கரைந்து ஒட்டுகிறது. வயர்களின் நைலான் மேலுறை வெடிக்கிறது. எங்கே பார்த்தாலும் அந்த வழவழப்பு. புளித்த மாவு வாசம். பிளீச்சிங் ஊற்றித் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். ஓரிடத்தைத் தேய்த்து நிமிர்ந்தால் இன்னொரு இடம்.

வெள்ளி, மாலை 5:45

கை ஈரமாக இருப்பது போலிருந்தது. கட்டைப் பிரித்தேன்.

தையல் இல்லை.

அறுந்து போகவில்லை. இல்லவே இல்லை. நூல் போட்ட ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன, நடுவில் காயம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. நைலான் நூல். துணியை இறுக்கிக் கட்டினேன். வலியை விடப் பயம் பெரிதாக இருக்கிறது.

உடம்புச் சூடு முப்பத்தேழு டிகிரி. பூட்டு சரியாக இருந்திருந்தாலும் மனித உடம்புக்குள் அந்தப் பூட்டு வேலையே செய்திருக்காது. எத்தனை கூட்டம், எத்தனை கேள்வி, எத்தனை வல்லுநர்கள்! இதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னாசி அண்ணனுக்கு இரண்டு வருடம் முன்பு இதய வால்வு மாற்றினார்கள். அதை இதயத்தோடு பிடித்து வைத்திருப்பது பாலியெஸ்டர் வளையம். மாதிரியை என் கையில் கொடுத்துக் காட்டினார் டாக்டர். ரூபாய்க் காசு அளவு, வெள்ளைத் துணி.

நாளை சனிக்கிழமை.

சனி, காலை 8:15

நேற்று மாலையிலிருந்தே அண்ணனை ரேடியோவில் கூப்பிடுகிறேன். நான் பேசினால் இரைச்சல். ஆன்டெனா வயரில் கடல் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கேட்க மட்டும் முடிகிறது, அதுவும் விட்டுவிட்டு.

இந்தத் தாள்களைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, நெட்டிக் கட்டையால் அடைத்து வைப்பேன். எடுப்பவர் யாரென்று தெரியாது. திறக்குமுன் பாட்டிலை பிளீச்சிங் தண்ணீரில் ஊறப் போடுங்கள். உங்கள் வீட்டில் உடம்புக்குள் தையலோ வலையோ வால்வோ வைத்தவர்கள் இருந்தால் அவர்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். தயவுசெய்து.

சனி, மாலை 4:30

வயரை வெட்டிச் செம்பை நேராகச் சொருகினேன். ஒருமுறை லைன் கிடைத்தது. ரேடியோவில் தெளிவாகப் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, ஊர்ப்பேச்சு கலக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அண்ணா, மேடையில் ஆபத்து, நீ வர வேண்டாம்.

பாதியில் செம்பு பொசுங்கியது. அவன் குரல் மட்டும் வந்தது.

"ரெஜி? ஆபத்தா? 'வர வேண்...' அதுக்கு மேல கேக்கல. வரணுமா? இந்தா பெறப்பட்டுட்டேன் பிள்ள. பயப்படாத."

வேண்டாமுக்கும் வேண்டுமுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்து. வராத என்று வீட்டில் கத்துவது போலக் கத்தியிருக்கலாம். ஐயோ, எதற்கு எனக்கு அந்த நேரத்தில் அழகுத் தமிழ்?

சனி, மாலை 5:50

அவன் படகு தெரிகிறது. புள்ளி. நீலம். போன வருடம் நான் கொடுத்த பணத்தில் அடித்த பெயின்ட்.

கத்தினேன். காற்று அவன் பக்கத்திலிருந்து அடிக்கிறது. துண்டை வீசினேன். அவனும் துண்டை வீசுகிறான்.

யோசி. யோசி. மேடைக்கு முன்னால் பாறை இடுக்கு இருக்கிறது. இருட்டத் தொடங்கினால் மேடை விளக்கைக் குறி வைத்துத்தான் அதற்குள் படகை விடுவார்கள். விளக்கு இல்லையென்றால் எவனும் விடமாட்டான். அவனும் விடமாட்டான், அவன் அவசரக்காரன் இல்லை. வெளியே நங்கூரம் போட்டு நிற்பான், இல்லை திரும்பிவிடுவான்.

விளக்கைக் குளிர வைக்கப் போகிறேன். இந்த மேடைக்காக அந்தச் சொல்லை ஒரு தடவையாவது சரியான அர்த்தத்தில்.

சனி, மாலை 6:15

குளிர வைத்துவிட்டேன்.

என்ஜின் சத்தம் குறைந்தது. பாறைக்கு வெளியே நிற்கிறான். நிற்கிறான்! அழுகை வருகிறது. நில் அண்ணா. அங்கேயே நில்.

சனி, மாலை 6:30

ரேடியோ கரகரத்தது.

"ரெஜி... வெளக்கு காணலயே... ஊருக்குச் சொல்லிட்டேன்... எல்லாரும் எறங்கிட்டாவ... நாங்க இருக்கோம் பிள்ள..."

கரைப் பக்கம் பார்த்தேன்.

ஒரு விளக்கு. அதன் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக. சங்குமுனையின் அத்தனை படகும். எல்லாம் ஃபைபர். எல்லாவற்றிலும் வலை.

நம்ம ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று புதன்கிழமை சொன்னானே. நானே எழுதி வைத்திருக்கிறேனே. பயத்தில் எனக்கு அவன் ஒருத்தன்தான் தெரிந்தான்.

சனி, மாலை 6:40

விளக்கை ஏற்றிவிட்டால் ஃபியூஸ் என்று நினைத்துத் திரும்பிவிடுவார்கள். சுவிட்சைப் போட்டேன். உறை விரலோடு வழிந்து வந்தது. உள்ளே வயரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. எரிய மாட்டேன் என்கிறது.

அண்ணன் காத்திருக்கவில்லை. விளக்கில்லாமலே இடுக்குக்குள் விட்டுவிட்டான், எனக்காக. முகம் தெரிகிறது. கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்திருக்கிறான், மேடையில் வீச.

பாட்டிலை மூட வேண்டும். கத்துகிறேன், எழுதுகிறேன், இரண்டும் ஒன்றாக

அண்ணா வீசாத அண்ணா கயிறு வேண்டாம் வர வேண்