எரிந்துபோன படத்தின் கதை

ரங்கூன்,
14-2-1925

சௌபாக்கியவதி மீனாம்பாளுக்கு நல்லதம்பி எழுதுவது. நான் சுகம். நீயும் குழந்தை செண்பகமும் சுகம்தானே? அத்தைக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

போன செவ்வாய்க்கிழமை எங்கள் படக் கம்பெனியில் சிறிய தீ விபத்து. பயப்படாதே. நான் படத்தை வெட்டி ஒட்டும் அறையில் விளக்கு சாய்ந்து பிலிம் சுருள்கள் பற்றிக்கொண்டன. கூட வேலை செய்யும் பர்மாக்காரர் கோ பா தின் என்னை வெளியே இழுத்துவிட்டார். வலது கையில் கொஞ்சம் சூடு பட்டது. இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது.

நான் கதை எழுதி, எட்டு மாதமாக வெட்டிச் சேர்த்த படம் முழுவதும் போயிற்று. கதை நோட்டும் போயிற்று. எனக்கு அழுகை வரவில்லை. தெருவில் நின்று பார்த்தேன். பிறகு சாப்பாட்டு நேரம் ஆனதால் சாப்பிடப் போனேன்.

நேற்று முதலாளி கூப்பிட்டார். "மறுபடி எடுத்துப்புடலாம் நல்லதம்பி. கதையைச் சொல்லும்" என்றார். வாயைத் திறந்தேன். கதாநாயகியின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. "கை ஆறட்டுங்க, எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கதை எழுதிய நாட்களில் ஒவ்வொரு காட்சியையும் உனக்கு எழுதினேன் அல்லவா? அந்தக் கடிதங்களை அனுப்பாதே, வழியில் தொலைந்துபோகும். அவற்றைப் பார்த்து எழுதி அனுப்பு. கதைக்கு நடுவே உன்னிடம் பேசிய வீட்டுப் பேச்சும் இருக்கும். அது படத்துக்கு வேண்டாததுதான். ஆனாலும் விடாமல் அதையும் எழுது.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

நல்லதம்பி