ஒரு பவுண் உருக்க அனுமதி

20 செப்டம்பர் 1992, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். குடை பெட்ரோல் நிலையத்தில். நேற்று ஷிப்ட் முடிந்து வரும்போது மறந்தது.

செய்ய வேண்டியவை:
பவுண் காசை ராசையா அண்ணையிடம் கொடுக்க.
மலருக்கு டெலிபோன்.
அக்டோபர் கடைசியில் லீவு கேட்க. (மனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டு.)
வேட்டி.

லண்டன், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட். ராசையா அண்ணையின் நகைக்கடை. பின் அறையில்தான் அவரது பட்டறை. அக்டோபர் 18 பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு, நான் குடியிருக்கும் பவளம் அக்கா வீட்டில். என்னால் ஊருக்குத் திரும்ப முடியாது, அதனால் 30 திருச்சியில் கலியாணம். தாலியை நான் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு. எனக்குப் பேசிய மலர் கொழும்பில், தன் தகப்பனின் தம்பி சின்னையா வீட்டில் இருக்கிறாள். அங்கிருந்து திருச்சிக்கு வருவாள்.

காசைக் கொடுத்தேன். அம்மா என்னைக் கொழும்புக்கு ரயிலேற்றியபோது சட்டைக் கொலருக்குள் தைத்துவிட்டது. "உன்ர பொன்னுருக்குக்கு இதுதான்" என்று சொன்னா. போன வருடம் அம்மாவும் போய்விட்டா.

ராசையா அண்ணை கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசில் முக்காடு போட்ட கிழட்டு ராணி.

"நல்ல சாமான். ஆனா தம்பி, சட்டப்படி இதை இஞ்ச உருக்கக்கூடாது. இது இன்னும் செல்லுற காசு, ஒரு பவுண் ஸ்டேர்லிங். நீர் வெளியில போய் இதைக் குடுத்து ஒரு பவுணுக்குப் பாண் வாங்கலாம்."

பகிடி என்று நினைத்தேன். இல்லையாம்.

"யோசியாதையும். நான் உருக்கித் தாறன். பின் அறையில ஆர் பாக்கிறது?"

காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

22 செப்., செவ்வாய்

ஷிப்ட் பி.ப. 2க்கு. காலையில் நூலகம். அங்கிருந்த அம்மணி தடித்த புத்தகம் ஒன்று எடுத்துத் தந்தார். ராசையா அண்ணை சொன்னது சரி. நாட்டில் செல்லுகின்ற காசை அனுமதிப் பத்திரம் இல்லாமல் உருக்கவோ உடைக்கவோ கூடாது. முந்தைய காலத்தில் காசின் விளிம்பைச் சுரண்டியவர்களுக்கே மரண தண்டனை. அரச துரோகமாம்.

மார்ச்சில் எனக்கு விசா புதுப்பிக்க வேண்டும். "ஒரு சின்னக் கேஸும் உம்மட பேரில இருக்கப்படாது" என்று லோயர் சொன்னது காதுக்குள் நிற்கிறது. நான் ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். ஒரு முத்திரை பிழைத்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பியவன்.

அனுமதி கேட்டு எழுதினால் என்ன?

26 செப்., சனி

மூன்று முறை எழுதிக் கிழித்து நாலாவது முறை சரி. என் பெயர், விலாசம், காசு ஒன்று, அதை ஏன் உருக்க வேண்டும், தாலி என்றால் என்ன. கடைசி விஷயத்துக்கே அரைப் பக்கம். பதிவுத் தபாலில் நிதி அமைச்சுக்குப் போட்டேன்.

பவளம் அக்கா மா அரித்துக்கொண்டே, "தாலிக்கு அரசாங்கத்திட்டக் கடிதம் போட்டவனை நான் இப்பதான் பாக்கிறன்" என்றா. ராசையா அண்ணையும் சொன்னார்: "வேற தங்கம் தாறன், அதை உருக்குவம். அம்மான்ர காசைத் தட்டில வைச்சுக் கும்பிடும்." நல்ல யோசனைதான். எனக்கு மனம் வரவில்லை. அம்மா வைத்துக் கும்பிடத் தரவில்லை.

10 அக்டோபர், சனி

குளிர் தொடங்கிவிட்டது. பதில் இல்லை. நேற்று அமைச்சு அலுவலகத்துக்கு டெலிபோன் எடுத்தேன். மரியாதையான குரல். கடிதம் கிடைத்திருக்கிறது, ஆறு கிழமை, ஒன்றரை மாதம், செல்லலாம் என்றது. 18க்கு இன்னும் எட்டு நாள்.

ஐயரிடம் நாள் கேட்டேன். கார்த்திகையில் நல்ல நாள் இருக்கிறது. பிறகு தை.

11 அக்., ஞாயிறு

காலை 7க்கு மலரோடு கதைத்தேன். கொழும்பில் அப்போது மத்தியானம். பின்னால் பஸ் சத்தம், யாரோ மீன் விற்கும் சத்தம்.

கார்த்திகைக்குத் தள்ளலாமா என்று கேட்டேன். கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"நீங்கள் சொன்னால் சரி. உங்கட அம்மான்ர காசெல்லே."

பிறகு:

"அப்ப இடையில ஒரு மாதம் இருக்கு. நான் ஒருக்கா ஊருக்குப் போய் அம்மாவைப் பாத்திட்டு வரட்டே? காய்ச்சல் விட்டபாடில்லையாம். திருச்சிக்கு வந்தால் பிறகு எப்ப பாக்கிறனோ."

"பாதை எப்பிடி?"

"வவுனியா மட்டும் ரயில். பிறகு சைக்கிள், பிறகு கடலேரியில வள்ளம். சனம் போய் வருகுதுதானே."

நான் "ஓம்" என்றேன்.

17 அக்., சனி

மலர் வியாழன் வெளிக்கிட்டுவிட்டாள் என்று சின்னையா சொன்னார். இங்கே லீவு நவம்பர் கடைசிக்கு மாற்றியாயிற்று. மனேஜர் முணுமுணுத்தான். வேட்டி வாங்கினேன், எட்டு முழம், கரை கொஞ்சம் அகலம். பரவாயில்லை.

நாளை பொன்னுருக்காக இருந்திருக்க வேண்டிய நாள்.

25 அக்., ஞாயிறு

தீபாவளி. கோயிலில் நிற்க இடமில்லை. பவளம் அக்கா வீட்டில் ஆட்டிறைச்சி, புட்டு. மலர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். யாரோ கொழும்புக்கு வந்தவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அம்மாவுக்குச் சுகம். மாத முடிவில் திரும்புகிறாள். சின்னையா டெலிபோனில் வாசித்துக் காட்டினார். எனக்கும் இரண்டு வரி இருக்கிறதாம், அதை வாசிக்க மாட்டாராம். சிரித்தார்.

3 நவம்பர், செவ்வாய்

மழை. காலை 6.20. சின்னையா.

திரும்பி வரும்போது. கடலேரியில். வள்ளத்துக்குத் துப்பாக்கிச் சூடு விழுந்ததாம். பதினாறு பேர் இருந்த வள்ளம். மலரோடு இன்னும் நாலு பேர்.

நான் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பவளம் அக்கா வந்து ரிசீவரை வாங்கினா.

4 நவ.

ஊரிலேயே எரித்துவிட்டார்கள். ஞாயிறே.

வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது. ஒருவன் டீசல் காரில் பெட்ரோல் நிரப்பிவிட்டு என்னைத் திட்டினான். நான் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேனாம். மனேஜர் வீட்டுக்குப் போ என்றான்.

6 நவ., வெள்ளி

18ஆம் திகதி உருக்கியிருந்தால் அவள் கொழும்பிலேயே இருந்திருப்பாள். 30ஆம் திகதி திருச்சியில் என் பக்கத்தில் மணவறையில். ராசையா அண்ணையின் பின் அறை. பத்து நிமிட வேலை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அல்லது வேறு தங்கம். அதற்கும் மாட்டேன் என்றேன்.

பவளம் அக்கா கதவைத் தட்டி, "தேத்தண்ணியாவது குடியும் தம்பி" என்றா. குடித்தேன். சீனி போட்டிருந்ததா இல்லையா தெரியாது.

12 நவ., வியாழன்

தபால். பழுப்பு உறை.

அனுமதி கிடைத்திருக்கிறது. தங்கக் காசு ஒன்று, மேற்சொன்ன நோக்கத்துக்கு மட்டும், ஆறு மாதத்துக்குள். கீழே கையெழுத்து. டைப் செய்த கடிதத்தின் அடியில் மையால் ஒரு வரி: உங்கள் திருமணத்துக்கு வாழ்த்துக்கள்.

படியில் குந்தியிருந்து வாசித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு கிழமை என்றார்கள். ஏழு கிழமைக்குள் தந்துவிட்டார்கள்.

14 நவ., சனி

கடிதத்தை ராசையா அண்ணையிடம் காட்டினேன். கடையில் இரண்டு பேர் வளையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அண்டைக்கு அந்தக் காசை உம்மட கையில திருப்பித் தந்திருக்கக்கூடாது."

"நான்தானே அண்ணை கேட்டு வாங்கினனான்."

"நீர் கேட்டால்? நான் மூத்தவன்."

அவர் என்னைவிட மோசமாக அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வெளியே யாரோ கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

15 நவ., ஞாயிறு

அனுமதிப் பத்திரத்தைத் திருப்பி அனுப்புவது முறை. பயன்படுத்தாத அனுமதியை வைத்திருக்கக் கூடாது. காரணம் எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கம் போயிற்று. கிழித்தேன். "இப்போது தேவையில்லை, நன்றி" என்று மட்டும் எழுதினேன். மையால் எழுதியவர் அதைப் பார்த்து என்ன நினைப்பாரோ.

நாளை தபாலில் போட வேண்டும். முத்திரை இல்லை.

22 நவ., ஞாயிறு

வெயில், ஆனால் கை விறைக்கும் குளிர். காலை 8க்குத் தெருமுனை டெலிபோன் பெட்டியிலிருந்து சின்னையாவுக்கு நானே எடுத்தேன். இத்தனை நாளும் பயத்தில் எடுக்கவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

"சின்னையா, நான் நாளைத் தள்ளினது அவவுக்குக் கோபமோ?"

"கோபமோ?" என்றார். இருமினார். "தம்பி, உமக்குத் தெரியாதே. அவள் இந்த ஒழுங்கை, தெரு முழுக்கச் சொல்லித் திரிஞ்சவள். பால்காரனுக்கும் சொன்னவள். என்ர தாலிக்குப் பவுண் உருக்க அவர் ராணியிட்ட அனுமதி கேட்டிருக்கிறார், பதில் வரட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டு. முன்வீட்டுப் பெட்டையளெல்லாம் அவளை மகாராணி எண்டுதான் கூப்பிட்டவை. அவளுக்கு அது நல்ல விருப்பம்."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"தம்பி, நிக்கிறீரோ?"

"ஓம் சின்னையா. இன்னும் சொல்லுங்கோ."

சொன்னார். முன்வீட்டுப் பிள்ளைகளில் யார் முதலில் அப்படிக் கூப்பிட்டது. அவள் எப்படித் தலையை நிமிர்த்திக்கொண்டு கடைக்கு நடந்து காட்டினாள். வவுனியா ரயிலேறும்போதும் யன்னலால் எட்டிப் பார்த்து, "கடிதம் வந்தால் உடைக்காமல் வையுங்கோ, நான் வந்து பாக்க வேணும்" என்றாளாம். கடிதம் லண்டனுக்குத்தானடி வரும் என்று இவர் சொல்ல, ஓமென்ன என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாளாம்.

காசு முடிந்து லைன் அறும்வரை சொன்னார்.