குழந்தையைக் காட்டப் போன நாள்

அக்கா,

இன்று காலை என் கணவருக்குக் கண்ணில் கட்டி. நாமக்கட்டியை உரைத்தேன். அந்த ஈரமண் வாசனை எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. டாலிகஞ்ச் குடியிருப்பில் எதிர்வீட்டு வாசலில், வலது இமைமேல் இதே வெள்ளைப் பூச்சோடு நீங்கள் நிற்கிறீர்கள். "சூட்டுக்கட்டிடி. வரும், போகும்" என்று சிரிக்கிறீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. வங்கி வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தீர்கள். நான் கல்கத்தாவுக்குப் புதிது, பெங்காலி ஒரு சொல் தெரியாது. பிறந்து சில வாரங்களில் என் மகளின் இமையில் தோன்றிய சிவப்புப் புள்ளி, மளமளவென்று இலந்தைப்பழம் போலப் புடைத்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கணவர் துறைமுக வேலையில் இருந்தார், நினைத்தபோது லீவு கிடைக்காது. "அழுதுட்டே இருந்தா ஆச்சா? கிளம்பு, நான் வரேன்" என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள்தான் முன்னால் நடந்தீர்கள்.

பவானிபூரில் அந்தக் கண் டாக்டர், குழந்தையை உங்கள் மடியில் வைத்தே டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் பெங்காலியில் சொல்லச் சொல்ல நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள்.

"ஒண்ணுமில்லையாம்டி! கைக்குழந்தைங்களுக்கு அதிகம் வர்றது இந்த ரத்தக்குழாய்க் கட்டிதானாம். கொஞ்ச மாசம் வளருமாம், அப்புறம் தானா சுருங்கிடுமாம். கண்மணியை மறைக்காம இருக்கான்னு மட்டும் அப்பப்ப காட்டணுமாம்."

நான் வெடித்து அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், டாக்டர் டார்ச்சை அணைக்கவில்லை. வெளிச்சம் உங்கள் முகத்தில் இருந்தது. உங்கள் இமையைப் புரட்டிப் பார்த்தார். ஏதோ கேட்டார். சுருக்கமாகப் பதில் சொன்னீர்கள். பிறகு அவர் நெடுநேரம் பேசினார். இந்த முறை நீங்கள் எனக்கு எதுவும் சொல்லவில்லை.

"என்னக்கா சொல்றார்?"

"சின்ன வயசுல இமைக்கட்டின்னா முக்காவாசி சாதாரணமாத்தான் இருக்குமாம். என் வயசுல, ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வந்தா, சதையை எடுத்து டெஸ்ட் பண்ணணுமாம். இமைமுடி வேற கொட்டியிருக்காம்."

"ரெண்டு தடவை கீறி எடுத்தாங்களேக்கா?"

"எடுத்ததை யாரும் டெஸ்டுக்கு அனுப்பலைடி."

குழந்தைக்காகப் பேசிய அதே குரல். துளிகூட நடுங்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது, "போனதும் உன் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, குழந்தைக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லு. என் விஷயம் இப்ப வேண்டாம்" என்றீர்கள்.

இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. இமையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, ஒட்டுப்போட்டார்கள். கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தீர்கள். பிறகு காதுக்கு முன்னால் ஒரு வீக்கம்; நோய் அங்கேயும் பரவியிருந்தது. என் மகளின் கட்டி வெளிறி வெளிறி மறைந்துகொண்டிருந்த அதே மாதங்களில் நீங்கள் இளைத்துக்கொண்டே போனீர்கள். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்ததைப் பார்க்க நீங்கள் இல்லை. வலிக்காத ஒரு சின்னக் கட்டி! இன்றும் என்னால் நம்ப முடியவில்லை, அக்கா.

இப்போது மெட்ரோவில் எதிரே வயதானவர்கள் உட்கார்ந்தால் என் கண் முதலில் அவர்கள் இமைக்குத்தான் போகிறது. சந்தேகம் வந்தால் கேட்டேவிடுகிறேன், பெங்காலியிலேயே. சிலர் முறைக்கிறார்கள். சிலர் டாக்டரின் விலாசம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

தூங்கும் மகளின் இமையைத் தடவிப் பார்ப்பேன். தடமே இல்லை. "ஒண்ணுமில்லையாம்டி" என்ற உங்கள் குரல் கேட்கும், மனம் குளிரும். உடனே அந்த டார்ச் வெளிச்சம் உங்கள் பக்கம் திரும்பும். இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.