மைனஸ் ஆறு

சின்னக்குட்டி,

கண்ணாடிக் கடையைச் சீக்கிரம் திறக்கணும், கிளம்பிவிட்டேன். உன்னை எழுப்ப மனம் வரவில்லை. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். நேற்று மாதிரி பட்டினி கிடக்காமல் சாப்பிட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போ. சாவி வழக்கமான இடத்தில் இருக்கிறது.

நேற்று அந்தக் காரணிக் கணக்கில், "பெருக்கினா ஆறு, கூட்டினா ஒண்ணு வரணும். தேடு, இருக்கும்" என்று ஒரு மணி நேரம் உன் உயிரை வாங்கினேன். "அப்படி ரெண்டு எண்ணே இல்லப்பா" என்று மூன்று தடவை சொன்னாய். மூன்றாவது தடவை நோட்டைத் தூக்கி எறிந்தேன்.

காலையில் புத்தகத்தைப் பார்த்தேன். x² + x − 6. மைனஸ் ஆறு! நான்தான் பிளஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊரார் கண்ணுக்கெல்லாம் பிளஸ், மைனஸ் பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறவன், நேற்று என் கண்ணாடியைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ சொன்னதுதான் சரி. நான் கொடுத்த கணக்குக்கு அப்படி இரண்டு எண் கிடையாது.

பி.கு.: நான் எறிந்ததில் கிழிந்த நோட்டுப் பக்கத்தை டேப் போட்டு ஒட்டும்போதுதான் கவனித்தேன். அடியில் பென்சிலால், "அப்பா இருக்குன்னா இருக்கும்" என்று எழுதியிருக்கிறாய். பரீட்சையில் அதை மட்டும் நம்பிவிடாதே.