வெயில் விழும் மூலை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டையும் தோட்டத்தையும் பாகம் பிரித்தாயிற்று. மாமரத்தடியில் சுவர் வேண்டாம், பூச்செடி வேலி போதும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். காலையில் நானும் தோட்டக்காரர் கோவிந்தனும் நந்தியாவட்டை, கனகாம்பரம், இட்லிப்பூ என்று கலந்து நட ஆரம்பித்தோம். மூத்த ஓரகத்தி அவள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. எதுவானாலும் கோவிந்தனிடம்தான் சொல்வாள். நானும் அவரிடமே பதில் சொல்வேன்.

"கோவிந்தண்ணே, எங்க பக்கம் தள்ளி நடறாங்க, கேளுங்க."

"அளந்துதான் நடறோம்னு சொல்லுங்கண்ணே."

பதினோரு மணிக்கு அவர் டீ குடிக்க முத்தியால்பேட்டை கடைத்தெருவுக்குப் போனார். நான் இட்லிப்பூச் செடியைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்த நெழல்ல இட்லிப்பூ பூக்காது. வெயில் படற மூலையில வை, சாந்தி."

நிமிர்ந்தேன். தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. என் பேரைத்தான் சொல்லியிருக்கிறாள். கோபமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

"கோவிந்தண்ணன் வரட்டும்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் அதே குழியில் மண்ணைத் தள்ளித் தண்ணீர் ஊற்றினேன். கை கழுவினேன், சோறு வடித்தேன்.

இப்போது படுக்க வந்த பிறகுதான் தோன்றுகிறது. அந்தத் தோட்டத்தில் வெயில் விழுகிற மூலை ஒன்றே ஒன்றுதான். அது அவள் பாகத்தில் இருக்கிறது.